சாமி காய்ச்சலில் படுத்திருந்தபோது அறை எடுத்தவர்

1

இந்தக் கதை என் வாயால் வந்தது. எழுதியது பிறகுதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது.

பூரி ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். மிச்சம் ஒரு கோடிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பக்கம் தங்கலாம்? (ஒரு கோடி கொஞ்சம் கூடுதல்தான். தொண்ணூற்றொன்பது லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஸ்வர்கத்துவாரம் பக்கம் தங்கினால் கடல் உண்டு, வறுத்த மீன் உண்டு, கூப்பிடு தூரத்தில் சுடுகாடும் உண்டு. தேர்வீதியில் தங்கினால் ஜன்னலைத் திறந்ததும் கோபுரக் கொடி தெரியும், மூடினால் மாடு முட்டும். பாலி சாஹி மாதிரியான உள்தெருக்களில், கோயில் ஊழியம் செய்கிற பண்டாக்களின் வீட்டில் தங்கினால் சாமிக்குச் சொந்தக்காரர் ஆகிவிடலாம், ஆனால் கொல்லையில் வரிசை நிற்க வேண்டும். சக்ரதீர்த்த சாலை அமைதியானது. அங்கே தங்கியவர்கள் மூன்றாம் நாள் தங்கள் பெயரையே மறந்துவிட்டதாக எனக்குத் தகவல்.

விசாரணை ஜன்னலுக்கு ஒரு தர்மம் உண்டு. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னால் வரிசை நகராது. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கதை கிடையாது.

ஒரு மார்ச் மாத மாலை, தேர்வீதி டீக்கடை பெஞ்சில், வங்காளத்துப் பர்த்வானிலிருந்து வந்திருந்த பவதோஷ் சமாதார் என்னிடம் கேட்டார்: ஜூன் மாதத்தில் எப்போது அறை சுலபமாகக் கிடைக்கும்?

ஸ்நான பௌர்ணமி கழிந்த மறுநாளிலிருந்து இரண்டு வாரம் என்றேன். ஊரே உங்களுடையது, எந்தப் பேட்டையில் வேண்டுமானாலும் தங்கலாம் என்றும் சொன்னேன்.

ஏன் அப்போது மட்டும் காலி என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. நான் கிழித்துப் போட்டவற்றில் இரண்டைக் காட்டுகிறேன்.

"வங்காள விரிகுடா அன்று வழக்கத்துக்கு மாறாக" (கடல் வழக்கத்துக்கு மாறாக எதுவும் செய்யாது. நான் பார்த்த வரையில் முப்பத்தாறு வருஷமாக ஒரே வேலைதான்.)

"தோர்ஷாவின் கண்களில் ஒரு" (அந்தப் பெண் இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். ஒரு என்ன, முழுசாச் சொல்லுங்க என்பாள்.)

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

பவதோஷ் சமாதார் பூரிக்கு நாற்பத்தோரு முறை வந்தவர்.

இதில் ஒரு எழுத்துகூடக் கூட்டியதில்லை. இருபது வயதில் ஆரம்பித்து வருஷம் தவறாமல், அதுவும் ஸ்வர்கத்துவாரத்தில் அதே லாட்ஜில், அதே மூலை அறையில். மின்வாரியத்தில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மதுசந்தாவின் கணவர் காலமான பிறகு அந்தக் குடும்பத்தின் ஒரே ஆண்துணை. மருமகள் தோர்ஷா அவர் தோளில் வளர்ந்தவள். எந்தக் குழந்தையும் அவர் தோளில் ஏறத்தான் செய்யும், அந்தத் தோள் ஒரு சோபா அளவு இருக்கும்.

தோர்ஷா புவனேஸ்வரத்தில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த ஒடியாப் பையன் சிமாஞ்சலைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள். பையனின் அப்பா தண்டபாணி பிசோயி. (பழனிக்காரரை நான் கடத்திக்கொண்டு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரம்மபூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு தண்டபாணி மீதுதான் விழும். அவர் திருப்பி எறிவார்.) பிரம்மபூரில் பட்டுப் புடவைக் கடை, நாற்பது வருஷ வியாபாரம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நிச்சயம் பூரியில் நடக்க வேண்டும், மகாபிரசாதத்தின் முன்னால்.

இந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. கோயில் மண்பானையில் வெந்து, ஜகந்நாதருக்குப் படைத்து வந்த சோற்றை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வார்த்தை கொடுப்பார்கள். சோறு கையில் இருக்கும்போது பொய் சொல்லக்கூடாது. கொடுத்த வார்த்தையை மாற்றவும் கூடாது. பெரிய பெரிய வக்கீல்கள்கூட அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்ணுக்கு அப்பா இல்லாததால் பெண் வீட்டுச் சார்பில் சோற்றை வாங்க வேண்டியவர் மாமா பவதோஷ். தேதியும் இடமும் அவர் பொறுப்பு. "பூரியா? அண்ணன்கிட்ட விட்டுருங்க. அவருக்கு அந்த ஊர் உள்ளங்கை மாதிரி" என்று மதுசந்தா சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். நாற்பத்தோரு முறை ஜகந்நாதர் கூப்பிட்டு வந்தவன் நான் என்று பவதோஷும் பக்கத்திலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தார்.

3

ஜூன் மாதத்தில் அவர் அறை எடுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து லாட்ஜுக்குப் பேசினார், பத்திலும் இடம் இருந்தது. ஒருவர் பாதி வாடகை என்றார், இன்னொருவர் காலைச் சாப்பாடு இலவசம் என்றார், மூன்றாமவர் அழுதார். (அழவில்லை. மூக்கை உறிஞ்சினார்.) கடல் பக்கம் தங்கைக்கும் மருமகளுக்கும் தனக்கும், தேர்வீதியில் கொடி தெரிகிற மாடியில் சம்பந்திக்கு என்று இரண்டு பேட்டையிலும் ராஜா மாதிரி பொறுக்கி எடுத்தார். எங்கே தங்குவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற ஊரில் எதை விடுவது என்று தவித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

பிள்ளையும் உறவினர்களும் நிச்சயத்துக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. தண்டபாணி மட்டும் நான்கு நாள் முன்னதாகவே தனியாக வந்துவிட்டார். முதல் நாள் காலை கோயிலின் சிங்கவாசலில் சந்திக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பவதோஷ் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு போனார். தேர்வீதி காலியாகக் கிடந்தது. பூக்கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். சிங்கவாசலுக்கு எதிரே தண்டபாணி, ஒல்லியாக, வெள்ளை வேட்டியில், குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வணக்கத்துக்குத் தலையை ஆட்டினார். பிறகு அவர் கேட்டது இது:

"பாபு, இந்தத் தேதியைத் தெரிஞ்சு வெச்சீங்களா, தெரியாம வெச்சீங்களா?"

என்ன தெரிந்து என்று பவதோஷ் கேட்டார்.

தண்டபாணி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பௌர்ணமியன்று நூற்றெட்டுக் குடம் தண்ணீரில் சாமியைக் குளிப்பாட்டினார்கள். சாமிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. வருஷா வருஷம் காண்பதுதான். பதினைந்து நாள் படுக்கை, தரிசனம் கிடையாது. பழமும் கஷாயமும்தான் அவருக்கு. ஆகவே மகாபிரசாதச் சோறு இல்லை. சோறு இல்லாமல் நிச்சயம் இல்லை. இது பிரம்மபூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தேதியைக் கேட்ட அன்றே தனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் வந்தது, இந்த முகத்தை நேரில் பார்க்கத்தான்.

"தெரிஞ்சு வெச்சிருந்தா, வார்த்தை கொடுக்காம நழுவப் பாக்கறீங்கன்னு அர்த்தம். தெரியாம வெச்சிருந்தா, நாப்பத்தோரு தடவை அவர் கூப்பிட்டு வந்தேன்னு சொன்னது பொய்னு அர்த்தம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

இங்கே கதையை நிறுத்தி, பவதோஷின் மண்டைக்குள் போக வேண்டும். போனேன். உள்ளே மீன் வாசனை அடித்தது. நாற்பத்தோரு முறையில் அவர் கோயிலுக்குள் போனது இரண்டே முறை. ஒன்று மழைக்கு ஒதுங்க. காலையில் கடல் குளியல், மதியம் மீன், மாலையில் மணலில் உட்கார்ந்து டீ, அதற்கு மேல் கொஞ்சம் மீன். பூரி என்றால் அவருக்கு அதுதான். பர்த்வானில் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான். கோயில் எங்கே ஓடிப்போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்பது வருஷம் தள்ளிப்போட்ட மனிதருக்குக் கோயிலின் நாட்காட்டி எப்படித் தெரியும்? தரிசனம் இல்லாத நாளில் பூரிக்கு அறை எடுப்பதெல்லாம் நாற்பத்தோரு முறை வந்தவருக்கு மட்டுமே சாத்தியமான தவறு. முதல் முறை வருகிறவன் நாலு பேரைக் கேட்டிருப்பான்.

இரண்டு பதிலுமே கல்யாணத்தை உடைக்கும். பவதோஷ் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்.

"தெரிஞ்சுதான் வெச்சேன் பாபு. நல்லா இருக்கும்போது பாக்க ஊரே வரும். உடம்பு முடியாம கிடக்கறப்ப பக்கத்துல இருக்க யாரு வரா? எழுந்து உக்காரட்டும், அவர் கண்ணு முன்னாடி வார்த்தை கொடுக்கலாம். அதுவரைக்கும் நாங்க எங்கேயும் போறதா இல்ல."

தண்டபாணி குடையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ கடற்கரை லாட்ஜ்ல என்ன வேலை? பாலி சாஹில எங்க பண்டா வீடு இருக்கு. நானும் அங்க வந்துடறேன். எல்லாரும் ஒண்ணா இருப்போம். அவர் எழுந்துக்கற வரைக்கும் அவர் சாப்பிடறதுதான் நமக்கும்" என்றார்.

மாமா பவதோஷ் எந்தப் பேட்டையில் தங்குவது என்பது இப்படித்தான் முடிவாயிற்று.

4

இந்த இடத்தில் எனக்குத் தண்டபாணி மேல் சந்தேகம் வந்தது. அவரை ஏமாளியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நூல் கலந்ததைச் சுத்தப் பட்டு என்று சொல்லிக் கொண்டுவருகிறவனை அவன் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். (செருப்புச் சத்தம் என் சரக்கு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாராம்.) அப்படிப்பட்டவர் பவதோஷின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தும் நம்பினாரா?

தெரிந்தே நம்புவது போல நடிக்கிறார் என்று எழுதலாம். அப்படி எழுதினால் அவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார், பதினைந்து நாளும் எலியை வைத்து விளையாடுகிற பூனையாகிவிடுவார். அதுவும் பிடிக்கவில்லை. அவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது, ஆகவே எடுத்துக்கொண்டார் என்று மூன்றாவதாக ஒன்றை எழுதிவைத்திருக்கிறேன். எதை நம்புவது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. அவருடைய உள்மனசுக்குள் மட்டும் நான் போகப் போவதில்லை. போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

5

பாலி சாஹி வீட்டில் மூன்று அறை, ஒரு கிணறு, நடுவில் ஒரு முற்றம். காலையில் பப்பாளி, மதியம் பாசிப்பயறு, மாலையில் வெள்ளரிக்காய். இரண்டாம் நாள் பவதோஷ் கனவில் ஒரு இறால் வந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மூன்றாம் நாள் ஒரு கூட்டமே வந்தது. ஐந்தாம் நாள் இடுப்பு வேட்டி தானாக நழுவியது. (அது உண்மை. நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன்.)

இதற்கிடையில் அவர் புகழ் பரவ ஆரம்பித்தது. சாமிக்கு உடம்பு முடியாதபோது துணைக்கு இருப்பதற்காகவே பர்த்வானிலிருந்து ஒரு பாபு வந்திருக்கிறார் என்று தண்டபாணி பெருமையாகப் பண்டாவிடம் சொல்ல, பண்டா பக்கத்து வீட்டில் சொல்ல, பாலி சாஹி முழுக்கத் தெரிந்து, எதிர்ப்பேட்டைக்காரர்கள் எங்கள் பேட்டையில் மட்டும் ஏன் இப்படி ஒருவர் வந்து தங்கவில்லை என்று பொறாமைப்பட்டார்கள். பெரியவர்கள் மாலையில் முற்றத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதத்துக்கு வந்தார்கள். (குழந்தையோடு வந்தது ஒரே ஒருவர். அதுவும் வழி கேட்க.)

கோயிலுக்குள் எத்தனை படி, எந்த வாசல் வழியாக அடுப்பங்கரை என்றெல்லாம் தண்டபாணி சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பார். பவதோஷ் கண்ணை மூடிக்கொண்டு, படியை எண்ணுகிற மனநிலையில் நான் போவதில்லை பாபு என்பார். சுற்றியிருந்தவர்கள் உருகிப் போவார்கள். மதுசந்தாவுக்கே அண்ணன்மேல் பக்தி வந்துவிட்டது. நாற்பது வருஷமாக நமக்குத் தெரியாமல் இப்படி ஒரு மனசா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துடைக்காதவள் தோர்ஷா மட்டும்தான்.

6

ஒன்பதாம் நாள் மதியம் எல்லோரும் படுத்திருந்தபோது பவதோஷ் வீட்டைவிட்டு நழுவினார். ஸ்வர்கத்துவாரம் வரை நடந்ததாகச் சொல்ல மாட்டேன், பறந்தார். கடற்கரை ஓரக் கடையில் முழுசாக ஒரு வாவல் மீன் வறுவல் வாங்கி, பலகையில் உட்கார்ந்து, முதல் விள்ளல் வாய்க்குப் போகும்போது எதிரே தோர்ஷா வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, வால் பக்கமாக ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள்.

"தெரியாமத்தானே மாமா தேதி வெச்சீங்க?"

பவதோஷ் மீனைப் பார்த்தார். அது உதவவில்லை. நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டார்: டீக்கடையில் ஒரு ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஊர் காலி என்று சொன்னது, பத்து லாட்ஜ், சிங்கவாசல், வாய்க்கு வந்த அந்தப் பதில். (அந்த ரயில்வேக்காரரைப் பற்றி அவர் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாராம். பக்கம் நிறைந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.)

தோர்ஷா சிரித்தாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்து, தண்ணீர் குடித்து, இன்னொரு முறை சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சோத்தைக் கையில வாங்கிட்டுப் பொய்யோட நிக்கக் கூடாது மாமா. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. அதுக்கு முன்னாடியே."

"சொன்னா எழுந்து போயிடுவாரும்மா. கல்யாணம் நின்னுடும்."

"நான் அந்த வீட்டுல போய் இருக்கப் போறவ. தினமும் அவர் முகத்தப் பாத்துச் சோறு போடணும். எங்க மாமா பெரிய பக்தர்னு அவர் ஊரெல்லாம் சொல்லிட்டு இருப்பார், நான் தலையத் தலைய ஆட்டிட்டு நிக்கணுமா? எத்தன வருஷம்?"

நின்றுபோனால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

"அழுவேன்" என்றாள். "ஆனா சொல்லிடுங்க."

7

அவர் சொல்ல முயன்றார். அதை மறைக்கக் கூடாது. முயன்ற வாக்கியங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

பதினோராம் நாள், கிணற்றடியில்: "பாபு, அன்னிக்கு சிங்கவாசல்ல நான்"
(தண்டபாணி வாளியைக் கையில் கொடுத்து, முதல்ல குளிங்க பாபு, வெயில் ஏறிடும் என்றார்.)

பதிமூன்றாம் நாள், முற்றத்தில்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்க"
(வெள்ளரிக்காய் வந்துவிட்டது.)

பதினைந்தாம் நாள், சாமி எழுந்தார் என்று ஊரே சங்கு ஊதிய காலையில்: "பாபு, நான் பெரிய"
(உற்சாகத்தில் தண்டபாணி அவரைக் கட்டிக்கொண்டார். கட்டிப்பிடித்தபடி ஒருவரால் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது, செய்து பாருங்கள்.)

பவதோஷ் கோழையா, தண்டபாணி கேட்க விரும்பாதவரா? மூன்று முறையும் குறுக்கே வந்தது எதேச்சையா? எழுதியவனே எதேச்சை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

அன்றே நிச்சயம் நடந்துவிடும் என்று பவதோஷ் பயந்துகொண்டிருந்தார். நடக்கவில்லை. அடுத்த நாள் தேர். சாமி அண்ணன் தங்கையோடு தேரேறி, குண்டிசா கோயில் என்கிற தன் சித்தி வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் தங்குவார். அங்கே அடுப்பு மூட்டி முதல் பானை இறங்கட்டும், அந்தச் சோற்றிலேயே வைத்துக்கொள்ளலாம், இன்னும் விசேஷம் என்று தண்டபாணி சொல்லிவிட்டார். ஆக இன்னும் மூன்று நாள். பப்பாளி தீர்ந்து கொய்யா ஆரம்பித்தது.

(வாசகர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். சாமி தன்னை விட்டுவிட்டுப் போன கோபத்தில் லக்ஷ்மி ஐந்தாம் நாள் பல்லக்கேறி வந்து தேரில் ஒரு கட்டையை உடைத்துவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பிப் போவாளே, அதைத் தோர்ஷாவோடு முடிச்சுப் போடுவேன் என்று. போட மாட்டேன். அவள் எதையும் பின்பக்கச் சந்து வழியாகச் செய்கிறவள் இல்லை.)

தேரன்று ஊரில் இருபது லட்சம் பேர். ஜன்னல் கம்பிகூட வாடகைக்குப் போயிற்று. பத்து லாட்ஜிலும் பவதோஷைத் தெரியாது என்றார்கள். ஜகந்நாதரோ வழக்கம்போல எந்தப் பேட்டை என்று யோசிக்காமல் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனார். அந்தக் கூட்டத்தில், கயிற்றில் கை வைக்க முண்டியடித்த லட்சம் பேரில், பட்டு ஜிப்பா கிழிய ஒருவர் தேரை நோக்கி நீந்திப் போனதை நான் பார்த்தேன். ஏன் போனார் என்று பிறகு கேட்டேன். சும்மா, பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது என்றார். நாற்பத்தோரு தடவை தள்ளிப்போட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. முகத்தை முதல் முறையாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், கண் ரொம்பப் பெரிசு என்று மட்டும் சொன்னார். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. கூட்ட இடமில்லை.

8

குண்டிசா கோயில் பக்கத்தில் ஒரு மடத்து வராந்தா. பகல் ஒரு மணி. பிரம்மபூரிலிருந்து ஒரு பஸ் நிறைய உறவினர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை சிமாஞ்சல் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். மூங்கில் காவடியில் சோற்றுப் பானை வந்தது. வாழையிலை மூடியை எடுத்ததும் ஆவி நிறைய எழுந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. பதினெட்டு நாளுக்குப் பிறகு சோறு. பவதோஷுக்குக் கண் கலங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்டா முதலில் தண்டபாணியின் கையில் சோற்றை வைத்தார். அவர் தன் மகனுக்குத் தோர்ஷாவை எடுத்துக்கொள்வதாக வார்த்தை சொன்னார். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, கையைத் தாழ்த்தாமல் அவர் மேலும் பேசினார்.

"இது கையில இருக்கும்போது ஒண்ணு சொல்லிடறேன். முதல் நாள் நான் சிங்கவாசலுக்கு வந்தது சம்பந்தம் வேண்டாம்னு சொல்லத்தான். திரும்பிப் போறதுக்கு டிக்கெட் பைல இருந்தது. பாபு ஒரு பதில் சொன்னார். அதைக் கேட்டுத்தான் டிக்கெட்டக் கிழிச்சேன். இந்த நிச்சயம் அந்தப் பதிலால நடக்குது."

கூட்டம் பவதோஷைப் பார்த்துப் புன்னகைத்தது. மதுசந்தா முந்தானையை எடுத்தாள். பண்டா அகப்பையால் அள்ளி, பவதோஷின் உள்ளங்கையில் சோற்றை வைத்தார். தோர்ஷா மாமாவைப் பார்த்தாள். தண்டபாணியும் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆமாம், வந்திருந்தேன், அழைக்காமல்தான். நான்கு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல் விட்டதற்கு அந்த அளவு கடமையாவது எனக்கு உண்டு.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பவதோஷ் பெண்ணைக் கொடுக்கும் வார்த்தையை மட்டும் சொல்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. தோர்ஷா மட்டும் பந்தியில் மாமாவுக்குப் பரிமாற வரவில்லை. எழுதி முடித்ததும் எனக்கே தொண்டையில் முள் குத்தியது.

இரண்டாவதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். தண்டபாணி சோற்றைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடக்கிறார். கொடுத்த வார்த்தை மாறாது, கல்யாணம் நடக்கும். ஆனால் அந்த வீட்டில் யாரும் பவதோஷிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

மூன்றாவதில் தண்டபாணி அப்பாடா என்று மூச்சு விட்டு, இதைச் சொல்ல உமக்குப் பதினெட்டு நாள் ஆச்சா சம்பந்தி என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்திருக்கிறது என்பதாலேயே இதைத்தான் அதிகம் சந்தேகப்படுகிறேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், எதையும் நாலு மடங்கு கூட்டித்தான் சொல்வேன்.

நான்காவது: "அன்னிக்குச் சொன்னது பொய்தான் பாபு. ஆனா பதினெட்டு நாள் இருந்தது பொய்யில்ல, அது எப்போ" (இங்கே நிறுத்திவிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாகப் பேசுகிற மனிதர் இல்லை அவர்.)

நடந்தது எனக்குத் தெரியும். தூண் அப்படியொன்றும் பருமனில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிச் சொல்லி இத்தனை பேரை இத்தனை பேட்டைகளுக்கு அனுப்பிவிட்டேன். இந்த ஒரு தடவை நான் கேட்கிற பக்கம் நிற்கிறேன், ஜன்னலுக்குள் நீங்கள் உட்காருங்கள். பவதோஷ் என்ன சொல்ல வேண்டும்?

யோசிக்கலாம், ஆனால் ரொம்ப நேரம் யோசிக்க வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கி அரை மணிகூட ஆகாத சோறு. கீழே சிந்தவிடக் கூடாது, கை மாற்றக் கூடாது, ஊதவும் கூடாது. மனிதர் வாயைத் திறந்துவிட்டார், உள்ளங்கை சிவந்துகொண்டிருக்கிறது.